சாக்ஸோடு போன விருந்தாளி

காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் மாயக்கண்ணன் கடைக்கு மட்டும் ஒரு குறை உண்டு. வாசலில் கிடக்கும் பர்மாத் தேக்கு நாற்காலியைப் பலரும் விலை கேட்பார்கள். ஆனால் காலையிலிருந்து மத்தியானம் வரை அதில் சத்தியமூர்த்தி உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருக்கும் மனிதரோடு சேர்த்து நாற்காலியை யாருக்கு விற்பது?

சத்தியமூர்த்தி மதுவிலக்குப் பிரிவில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாராய ஊறலைத் தேடி முந்திரிக்காடுகளில் அலைந்த நாட்களைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், மாயக்கண்ணன் வந்த வாடிக்கையாளரையே மறந்துவிடுவார். மாயக்கண்ணனுக்குத் துப்பறிவதில் அப்படி ஒரு கிறுக்கு. ஐம்பது வயதுக்கு மேல் பிடித்த கிறுக்கு என்பதால் அது தெளிவதற்கு வழியும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கடை வாசலில் வந்து இறங்கிய உமையாள் ஆச்சி, நாற்காலியைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துத்தான் வந்தார்.

"அண்ணே, ஒங்களைத் தேடித்தான் வந்தேன். இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள ஒரு வழி சொல்லணும்."

சத்தியமூர்த்தி எழுந்து அவரை உட்காரச் சொன்னார். புதுவயல் போகும் சாலையில் இருக்கும் 'பெரிய வளவு' வீட்டை ஓட்டலாக மாற்றி நடத்துகிறவர் உமையாள். கணவர் காலமான பிறகு, அவ்வளவு பெரிய வீட்டைப் பூட்டிப் பல்லிக்கு விடுவதா என்று துணிந்து இறங்கியவர். ஓட்டலோடு ஒரு பாரும் உண்டு. அதற்கான லைசென்ஸ் அவர் பேரில்தான் இருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை எங்க காலேஜ் செட்டு அங்க கூடுச்சு. நாப்பது வருசத்துக்கு அப்புறம்" என்றார் உமையாள். "ஸ்ரீநிவாசன்னு ஒருத்தர், பெங்களூர்லருந்து வந்தாக. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல காரை எடுத்துக்கிட்டுப் போயி, ரைஸ் மில்லுல வேலை பாக்குற பொம்பளை மேல மோதிட்டாக. அன்னக்கிளின்னு பேரு. பாவம், கால் முறிஞ்சு பெரியாஸ்பத்திரியில கெடக்கு."

"குடிச்சிருந்தாரா?"

"நிக்க முடியலையாம். பார்லதான் குடிச்சேன்னு போலீசுகிட்டச் சொல்லிட்டாக. ஆனா எங்க பார்ல ஊத்திக் குடுக்குற ராமு, ரெண்டு பீருக்கு மேல நான் குடுக்கலைன்னு சத்தியம் பண்றான். மூணாவது கேட்டப்ப முடியாதுன்னு சொன்னதை எங்க செட்டே பாத்துச்சு."

"பிறகு என்ன?"

"ஊருக்கு முன்னாடி முடியாதுன்னுட்டு, பின்னாடி ஒளிச்சுக் குடுத்திருப்பான்னு சொல்றாக. சாயந்தரம் கலால் ஆபீசரம்மா விசாரிக்க வாராக. எனக்குத் தெரியாம ராமு வித்துட்டான்னு எழுதிக் குடுத்துட்டா லைசென்ஸ் தப்பிச்சிருமாம், வக்கீல் சொல்றாக. அவன் மேல கேசு விழும். பதினாறு வருசமா எங்கிட்ட இருக்கான். அவனைக் காட்டிக் குடுத்துட்டு நான் எப்படிண்ணே சோறு திங்கிறது?"

மாயக்கண்ணன் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கூட வந்தவுக யாராச்சும் பையில பாட்டில் கொண்டாந்திருப்பாக! சந்தேகமே இல்லை."

"எல்லார் பையையும் ரூமையும் போலீஸ் பாத்துருச்சு. ஒண்ணும் இல்லை."

"பார்ல என்னென்ன கட்டுப்பாடு வச்சிருக்கீக?" என்று கேட்டார் சத்தியமூர்த்தி.

"இருபத்தோரு வயசு ஆகாட்டிக் கெடையாது. போதையில வந்தவுகளுக்குக் கெடையாது. பாரைத் தாண்டி கிளாஸ் வெளிய போகக் கூடாது. கார் ஓட்டிக்கிட்டு வந்தவுக முதல்ல சாவியைக் குடுத்துறணும். டிரைவர் வந்தாத்தான் திருப்பிக் குடுப்போம். இந்தக் கடைசி ஒண்ணு சட்டத்துல இல்லை, நானா வச்சுக்கிட்டது."

"ஸ்ரீநிவாசன் சாவி?"

"முன்னாடி கவுண்டர்ல, சாவிப் பலகையில மாட்டியிருந்துச்சு. அவர் கைக்குப் போயிருச்சு." உமையாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டார். "இதுல ஒரு கூத்து வேற. ஆக்சிடெண்ட் ஆனப்ப அவர் கால்ல ஷூ இல்லை. வெறும் சாக்ஸோட வண்டி ஓட்டியிருக்காக. கார்லயும் தேடிட்டாக, ரோட்டுலயும் தேடிட்டாக, காணோம்."

மாயக்கண்ணன் சிரித்துவிட்டார். சத்தியமூர்த்தி சிரிக்கவில்லை.

"மாயா, கடையைச் சாத்துப்பா" என்றார்.

ஸ்ரீநிவாசன் ஒரு தனியார் மருத்துவமனையில் நெற்றியில் கட்டோடு படுத்திருந்தார். அறை வாசலில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். சத்தியமூர்த்தியை அவருக்கு அந்தக் காலத்திலிருந்தே பழக்கம் என்பதால் உள்ளே விட்டார்.

"பார்லதான் சார் குடிச்சேன். வேற எங்க?" என்றார் ஸ்ரீநிவாசன். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"ஷூவை எங்க கழட்டினீங்க?"

"கால் வலிச்சுது. அங்கேயேதான் கழட்டியிருப்பேன்." பிறகு பேச்சை மாற்றினார். "நாப்பது வருஷம் கழிச்சு எல்லாரும் ஒரே பெஞ்சுல நெருக்கி உக்காந்தோம் சார். பேரைச் சொல்லிக் கூப்பிடுறதுக்குன்னு இப்ப எனக்கு வேற யார் இருக்கா? அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கு?"

"வலியில இருக்காங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. சத்தியமூர்த்தி அவருடைய உடைகள் இருந்த பையை மட்டும் வாங்கிப் பார்த்தார். வெள்ளை சாக்ஸின் அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருந்தது. நூலிழைகளுக்குள் காய்ந்த வேப்பிலைத் துணுக்குகள் சிக்கியிருந்தன.

"வேப்பமரத்தடியில நடந்திருக்காரு!" என்றார் மாயக்கண்ணன்.

"நம்ம பக்கத்து மரத்தடியில நடந்தா செம்மண்தான் ஒட்டும்."

"அப்ப கோயிலுக்குப் போயிருப்பாரு. அதான் ஷூவைக் கழட்டியிருக்காரு."

"உச்சி வெயில் நேரத்துல எந்தக் கோயில்ப்பா தொறந்திருக்கும்?"

மாயக்கண்ணன் விடாமல் சாக்ஸை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அவர் முகம் மாறியது. "அண்ணே, இது எங்க கடை வாடையால்ல இருக்கு! ரொம்ப நாள் தொறக்காத பெட்டியைத் தொறந்தா வருமே, அந்த வாடை."

சத்தியமூர்த்தி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். மாயக்கண்ணனுக்கு அந்த ஒரு தட்டு ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

பெரிய வளவின் முகப்பில் ஞாயிற்றுக்கிழமை கட்டிய துணிப்பதாகையை இன்னும் அவிழ்க்கவில்லை. உள்ளே கூடத்தில் பெரிதாக்கிய வகுப்புப் புகைப்படம் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். அகலக் காலர் வைத்த சட்டைகளும், காது மறைந்த தலைமுடியுமாகப் பையன்கள். முன்வரிசையில் நான்கே பெண்கள். இரட்டைச் சடையில் உமையாளை அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவருக்குப் பின்னால் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஸ்ரீநிவாசன். மற்றவர் உடையப்பன் என்றார் உமையாள்.

"என் வீட்டுக்காரருக்குப் பங்காளி. எனக்குக் கூடப் படிச்சவர். இந்த வீட்டு வரனை எங்க அப்பச்சிகிட்டச் சொன்னதே அவுகதான். ரெண்டு பேரும் அப்ப ஒரே தட்டுல சாப்பிடுவாக. ஞாயித்துக்கிழமையும் ஸ்ரீநிவாசன்தான் காரைக்குடியில போயி அவுகளைத் தன் கார்ல ஏத்திக்கிட்டு வந்தாக."

சத்தியமூர்த்தி அந்தப் படத்தைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். அந்த வயதில் தாமும் அப்படி ஒரு சட்டை வைத்திருந்தது நினைவுக்கு வந்திருக்கலாம்.

செருப்பைக் கழற்றப் போனவரை, கவுண்டரில் இருந்த சத்தியப்பிரியா தடுத்தாள். "போட்டுக்கிட்டே வாங்க சார். இங்க விருந்தாளிங்க எல்லாரும் அப்படித்தான் நடப்பாங்க. தெனம் ரெண்டு வேளை தொடைச்சிருவோம்."

அவர் குனிந்து தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. பிறகு கவுண்டரைப் பார்த்தார். அது நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. சாவிப் பலகை அதற்கும் பின்னால் சுவரில் இருந்தது. உள்ளே போகிற அரைக்கதவுக்கு உள்பக்கம்தான் தாழ்ப்பாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீதான் இங்க இருந்தியாம்மா?"

"இல்ல சார். பரிமாற ஆள் பத்தலைன்னு ஆச்சி என்னைப் பந்திக்கு அனுப்பிட்டாங்க."

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். உமையாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ராமு பாரில் கண்ணாடி டம்ளர்களை ஏற்கெனவே துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். கோபத்தில் இருக்கிறவர் செய்கிற வேலை அது. "மூணாவது கேட்டாரு, மோரைக் குடுத்தேன். நாப்பது வருசம் கழிச்சு வந்திருக்கேன், எனக்கு மோராய்யான்னு கத்துனாரு. ஊத்தியிருந்தா அன்னைக்கு நல்லவனா இருந்திருப்பேன். ஊத்தாததுக்கு இன்னைக்குக் கேசு. இங்க வந்து ஷூவெல்லாம் அவர் கழட்டலை."

"இந்த பாருக்கும் சரக்கு ரூமுக்கும் சாவி யார்கிட்ட?"

"எங்கிட்டத்தான். சரக்கு ரூமுக்குள்ள வேற யாரும் வரமாட்டாக."

வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில், முற்றத்தைச் சுற்றி அறைகள். அண்ணன் தம்பிகளுக்கு ஆளுக்கொன்று என்று அந்தக் காலத்தில் பிரித்துக்கொண்டவை. எல்லாவற்றையும் ஓட்டல் அறைகளாக மாற்றியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. அதன் கதவில் உள்ளங்கை அகலப் பூட்டு தொங்கியது.

"இது உடையப்பன் அறை. இதை மட்டும் அவுக ஓட்டலுக்கு விடலை. லைசென்ஸ் பிளான்லயும் இது சேராது" என்றார் உமையாள். "முன்னோருக்குப் படைக்கிற சேலை வேட்டியெல்லாம் ஒரு பெட்டியில உள்ள இருக்கு. வருசத்துக்கு ஒருநாள், படைப்புக்குத்தான் தொறப்பாக. போலீசும் பூட்டைப் பாத்துட்டுப் போயிட்டாக."

"அன்னைக்கு அவர் இங்க ரூம் எடுத்தாரா?"

"இல்லையே. காரைக்குடியில வீடு இருக்கே. போலீஸ் எல்லாரையும் கூடத்துல வச்சு விசாரிச்சப்ப, அவுகளும் உக்காந்திருந்தாக. ராத்திரி போலீஸ் ஜீப்லயே கொண்டுபோயி விட்டாக."

அதற்குள் மாயக்கண்ணன் காணாமல் போயிருந்தார். முற்றத்து ஓரத்தில் அலங்காரத்துக்கு வைத்திருந்த பெரிய பித்தளை அண்டாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் புத்தி. எடை தெரியாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. மூடியை நகர்த்தியவர், "அண்ணே! இங்குட்டு வாங்க!" என்று அலறினார்.

அண்டாவுக்குள் ஒரு ஜோடி கறுப்பு ஷூ கிடந்தது.

"திருடன்தான்! இதை எடுத்து ஒளிச்சு வச்சிட்டு, அப்புறமா..."

"பழைய ஷூவை யாருப்பா திருடுறா?" என்றார் சத்தியமூர்த்தி. "ஒளிச்சு வச்சவருக்கு இதைவிட நல்ல எடம் ஏன் கெடைக்கலைன்னு யோசி."

மாயக்கண்ணன் சாயந்தரம் வரை யோசித்தார்.

கலால் அதிகாரி சௌபர்ணிகா வயதில் சின்னவர். அவசரப்படாதவர். விசாரணைக்கு உடையப்பனும் வந்திருந்தார். நரைத்த மீசையும் வெள்ளை வேட்டியுமாகத் தளர்ந்து தெரிந்தார். சத்தியமூர்த்தி எல்லாரையும் இரண்டாம் கட்டுக்கு அழைத்துப் போனார். ராமு தூணருகே தள்ளி நின்றார்.

மாயக்கண்ணன் அண்டாவிலிருந்து ஷூவை எடுத்ததும் உடையப்பனின் கை தூணைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, இது சாட்சிப் பொருள். பத்திரமா இருக்கணும்" என்றார் சத்தியமூர்த்தி, சாதாரணமாக. "செட்டியாரே, ஒங்க அறைதான் நல்ல பூட்டா இருக்கு. கொஞ்சம் தொறங்க, உள்ள வச்சுப் பூட்டிருவோம்."

"ஷூவையா? அதை எப்படிங்க உள்ள கொண்டு போறது? படைப்புப் பெட்டி இருக்கு!"

"சரிதான். ஞாயித்துக்கிழமையும் ஒங்களுக்கு இதே நெனப்புத்தான் வந்துச்சு."

சத்தியமூர்த்தி அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"செருப்போடவே எல்லாரும் நடக்குற ஓட்டல் இது. இங்க ஒரு மனுசன் ஷூவைக் கழட்டினான்னா, கழட்டச் சொன்ன எடம் ஒண்ணு இருக்கணும். சாக்ஸ்ல இருந்த தூசி இந்தத் தரையில கெடையாது. இவுக தெனமும் தொடைக்கிறாக. வேப்பிலை, பட்டுத்துணியில பூச்சி வராம இருக்கப் பெட்டியில போடுறது. ஆக அவர் மாசக்கணக்காத் தொடைக்காத ஒரு அறைக்குள்ள போயிருக்காரு. அது இந்த வீட்டுல ஒண்ணுதான்."

"வேற யாராவது சாவி வச்சிருக்கலாம் இல்லையா?" என்றார் சௌபர்ணிகா.

"அதுக்குத்தான் அண்டா. ராமு ஒளிச்சிருந்தா, அவர்கிட்டப் பூட்டுன சரக்கு ரூம் இருக்கு. மத்த விருந்தாளிகளுக்குச் சொந்தமா ரூமும் பெட்டியும் இருக்கு. இவருக்கு ரூமும் இல்லை, வந்த காரும் போயிருச்சு. இருந்தது ஒரே ஒரு பூட்டுன எடம். அதுக்குள்ள காலணியைக் கொண்டு போக மனசு வரலை. பாட்டில் உள்ள போகலாம், ஷூ போகக் கூடாது. வளர்ந்த பழக்கம் அம்மா, அவரைச் சொல்லிக் குத்தமில்லை. அதனாலதான் நாலு பேர் நடக்குற முத்தத்துல ஒளிச்சு வச்சாரு."

உடையப்பன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்தார். உள்ளே தரைத் தூசியில் சாக்ஸ் கால் தடம் தெளிவாக இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் பாதி காலியான விஸ்கி பாட்டிலும் இரண்டு டம்ளரும் இருந்தன.

"மலேசியாவுலருந்து மகன் கொண்டாந்தது" என்றார் உடையப்பன். உமையாளைப் பார்த்துத்தான் பேசினார். "அவன் மூஞ்சி சுண்டிப் போச்சு உமையா. நாப்பது வருசம் கழிச்சு வந்தவனுக்கு மோரைக் குடுத்துட்டாக. என் வீட்டுல என் சிநேகிதனுக்கு ஒரு கிளாஸ் ஊத்த எனக்குப் பாத்தியதை இல்லையான்னு ரோசம் வந்துச்சு. ஹாஸ்டல் கதையெல்லாம் பேசிக்கிட்டே குடிச்சோம். தண்ணி எடுக்கப் போயிட்டுத் திரும்புறேன், ஆளைக் காணோம். ஷூ வாசல்லயே இருந்துச்சு, வீட்டுக்குள்ளதான் எங்கயோ இருக்கான்னு நெனச்சேன். ஆக்சிடெண்ட்டுன்னு சேதி வந்ததும் பயந்துபோயி ஷூவை அண்டாவுல போட்டேன். என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அவனா பார்னு சொல்லியிருக்கான். அதுல ராமு மாட்டுவான்னு தெரிஞ்சும் நான் வாயைத் தொறக்கலை."

ராமு தூணை விட்டு முன்னால் வந்தார். "சொல்லியிருந்தா ரெண்டு நாளு எம் பொண்டாட்டி அழாம இருந்திருப்பா" என்றார்.

சௌபர்ணிகா குறிப்பெழுதி முடித்தார். "பாரில் அதிகமா ஊத்தலைன்னு ஆயிடுச்சு. இது லைசென்ஸ் எல்லைக்கு வெளியில நடந்தது. இவரைப் போலீஸ் பார்த்துக்கும். ஒண்ணுதான் புரியலை. கார் சாவி அவர் கைக்கு எப்படி வந்தது?"

சத்தியமூர்த்தி பேசாமல் இருந்தார். மாயக்கண்ணன் அவரைப் பார்த்தார். இவருக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லமாட்டேன் என்கிறாரே என்று தவித்தார். அதிகாரியின் பார்வை, சாவிகளோடு புழங்குகிற ராமுவின் பக்கம் மெல்லத் திரும்பியது.

"நான்தான் குடுத்தேன்" என்றார் உமையாள்.

"ஆச்சி..." என்றார் ராமு.

"இரு ராமு. அவுக கவுண்டருக்கு வந்தாக. கவுண்டர் ஒசரம், காலு தெரியலை. புதுவயல்ல நம்ம செட்டுப் பையன் ஒருத்தன் வராம இருக்கான், போயிக் கூட்டிக்கிட்டு வாரேன், அவன் இல்லாம போட்டோவான்னு கேட்டாக. அந்தக் காலத்துல சிரிச்ச அதே சிரிப்பு. டிரைவர் எங்கன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சும்மா. கேட்டா நான் லைசென்ஸ்காரி ஆயிருவேன். அன்னைக்கு ஒரு மத்தியானமாச்சும் கூடப் படிச்ச புள்ளையா இருந்துக்கிறணும்னு ஆசையா இருந்துச்சு. பேச்சுல லேசாக் கொழறுனாக. பழசெல்லாம் நெனச்சுக் கொழறுறாகன்னு நெனச்சுக்கிட்டேன்."

சௌபர்ணிகா பேனாவை மூடினார். பிறகு மறுபடியும் திறந்தார். "இதை நீங்க சொல்லாமலே விட்டிருக்கலாம்."

"விட்டா, அடுத்த கேள்வியை ராமுகிட்டத்தான கேப்பீக?"

மறு உத்தரவு வரும்வரை பாரை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு அதிகாரி கிளம்பினார். ராமு மேல் ஒன்றும் இல்லை என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லி, கையெழுத்து விழும்வரை உமையாள் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

மறுநாள் காலை மாயக்கண்ணன் வண்டியில் மூவரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியில், ஆச்சிதான் சாவி கொடுத்தார் என்று எப்போது தெரியும் என மாயக்கண்ணன் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். சத்தியமூர்த்தி சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். வார்டு வாசலில் இருவரும் நின்றுகொண்டார்கள். உமையாள் மட்டும் உள்ளே போனார்.

அன்னக்கிளிக்கு நாற்பது வயதிருக்கும். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள்.

"யாரும்மா நீங்க? மில்லுலருந்து வாரீகளா?"

பெரிய வளவு வீட்டுக்காரி என்று சொல்லித்தான் உமையாளுக்கு இத்தனை காலமும் பழக்கம். "இல்லம்மா" என்றார். "அந்தக் காரு சாவியை எடுத்துக் குடுத்தவ நான்."

அன்னக்கிளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குடிச்சிருந்தது தெரியுமா ஒங்களுக்கு?"

"ரெண்டு பீரு குடிச்சது தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அன்னக்கிளி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். போங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. உமையாள் கட்டிலுக்கு அடியிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.